கிணறு எண் ஏழின் வளர்ச்சி

அரசாங்க ஃபிரேம் எதுவும் காலியாக இருக்கக் கூடாது என்பது விதி. அயின் ஸாபிர் என்ற ஊர் எப்படிக் காய்ந்தது என்று கேட்கிறவர்கள் வானத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். பாலைவனத்தின் நடுவில் மழையை நம்பி யாரும் ஊர் கட்டியதில்லை. அந்த ஒரு விதியைப் படித்தால் போதும்.

நிலத்தடி நீர்ச் சாதனை அலுவலகத்தில் பெரிய தலைவர் ஒருவரின் படம் தங்க நிற ஃபிரேமுக்குள் பல வருடம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் தலைவர் போனார், படமும் இறங்கியது. அடுத்து வந்தவர் தன் ஃபிரேமைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். பழைய ஃபிரேம் மட்டும் ஆணியில் தனியாகத் தொங்கியது. தணிக்கைக்கு வந்தவர் பதிவேட்டைப் புரட்டி, "ஃபிரேம் ஒன்று, தங்க நிறம். உள்ளே என்ன?" என்று கேட்டார். உள்ளே சுவர் இருந்தது. சுவர் வேறு பதிவேட்டில் இருந்தது.

இயக்குநர் பஹ்ஜத் இறைவனுக்கு அடுத்தபடி தணிக்கைக்குப் பயந்தவர். சில நாட்களில் அந்த வரிசை மாறுவதும் உண்டு. உடனே எதையாவது உள்ளே வைக்கச் சொன்னார். மேசைமேல் ஒரு பட்டை வரைபடம் கிடந்தது. வளைகுடாவுக்கு வேலை கிடைத்துப் போன இளம் அளவையாளர் ஒருவர் வரைந்தது. வருடத்துக்கு ஒன்றாகப் பச்சைப் பட்டைகள், படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போயின. கீழே படுத்திருந்த அச்சில் வருடங்கள். இடப்பக்கம் நின்ற அச்சின் ஓரமாக, கீழிருந்து மேலாக ஒரு வரி: "தரையிலிருந்து தண்ணீர் வரை ஆழம், மீட்டரில்."

படம் ஃபிரேமைவிட நான்கு விரற்கடை அகலமாக இருந்தது. ஃபிரேமை வெட்ட முடியாது, அது பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே அலுவலக எழுத்தர் மேடம் இன்ஸாஃப் கத்தரிக்கோலை எடுத்தார். பட்டைகளை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஓரத்தில் வெறும் எழுத்துதானே என்று அதை வெட்டினார்.

மறுவாரம் ஆளுநர் வந்தார். ஃபிரேமின் முன் நின்றார். "மாஷா அல்லாஹ், எப்படி வளருது!" என்றார். சொல்லிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை, பாராட்டுக் கடிதம் ஒன்றும் அனுப்பினார். அதில் அரசாங்கத்தின் கழுகு முத்திரை இருந்தது.

இது எதுவும் தூஹாமிக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது கயிறு. கிணறு எண் ஏழில் ஆழம் அளப்பது அவன் வேலை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, இரும்புக் குண்டு கட்டிய கயிற்றைக் குழாய்க்குள் இறக்குவான். மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சு. குண்டு தண்ணீரைத் தொடும்போது அடியிலிருந்து 'பொளக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த இடத்து முடிச்சை எண்ணிக் காகிதத்தில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்புவான். அந்தக் கிணற்றைத்தான் அறுபது வீடுகள் குடித்தன. அவன் வீடு அதில் நாற்பத்திரண்டாவது.

எட்டு வருடம் முன்பு முப்பத்தெட்டாவது முடிச்சில் சத்தம் கேட்டது. கிணற்றைச் சுற்றி அலுவலகம் 'முன்னேற்றப் பண்ணை' என்று ஒன்றைத் தொடங்கி ஐந்து பெரிய பம்புகளை இறக்கியதிலிருந்து சத்தம் வருடா வருடம் கீழே போயிற்று. இப்போது அறுபத்தொன்று. கயிறு முழுசாக நூற்றைம்பது மீட்டர், ஆனால் கிணறு நூற்று நாலோடு சரி. அதற்குக் கீழே கல்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்ததும் பண்ணையின் மின்மாற்றி வெடித்தது. மாற்று வாங்கக் கோப்பு நகர்ந்தது. கோப்பு நகரும் வேகம் தெரிந்ததுதான். நாற்பது நாளாகியும் பம்புகள் வாயைத் திறக்கவில்லை. முதல் தேதி தூஹாமி கயிற்றை இறக்கினான். ஐம்பத்தேழிலேயே பொளக். நம்பாமல் மூன்று தரம் இறக்கினான். மூன்று தரமும் ஐம்பத்தேழு.

"ஹனீயா! நாலு மீட்டர் மேல வந்திருக்கு!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினான்.

அவன் மனைவி மாவுக் கையோடு வெளியே வந்தாள். "எது? உன் புத்தியா?"

"தண்ணி!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே குலவை இட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் காரணம் கேட்காமல் சேர்ந்து குலவை இட்டார்கள். அன்று தெருவில் எல்லோருக்கும் சீனி அள்ளிப் போட்ட தேநீர். தூஹாமி ஐம்பத்தேழு என்று அழகாக, கொஞ்சம் பெரிதாகவே எழுதி அனுப்பினான். சந்தோஷத்தில் எழுதியதால் அடியில் ஒரு கோடும் போட்டான்.

ஒன்பதாம் நாள் அழைப்பாணை வந்தது. "கிணறு எண் ஏழில் ஏற்பட்ட நான்கு மீட்டர் வீழ்ச்சிக்கு நேரில் விளக்கம் தருக."

இயக்குநர் அறைக்குள் தூஹாமி போனது அதுதான் முதல் தரம். வாசல் மிதியடியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டான். பஹ்ஜத் அவனை உட்காரச் சொல்லவில்லை. ஃபிரேமைச் சுட்டினார். வரிசையின் கடைசியில் புதிதாக ஒட்டிய பட்டை, முந்தியதைவிடக் கட்டையாக, தலை குனிந்து நின்றது.

"எட்டு வருஷமா ஏறிக்கிட்டே வருது. முப்பத்தெட்டு, நாப்பது, நாப்பத்திநாலு... போன வருஷம் அறுபத்தொண்ணு. இதைப் பாரு. ஐம்பத்தேழு! நாலு மீட்டர் எங்கய்யா போச்சு?"

"எங்கயும் போகல பாஷா. வந்திருக்கு."

"என்ன வந்திருக்கு?"

"தண்ணி. அந்த எண்ணு தண்ணியோட உசரம் இல்ல பாஷா, ஆழம். தரையில இருந்து எவ்வளவு கீழ தண்ணி கிடக்குதுன்னு கணக்கு. பட்டை ஏறினா தண்ணி இறங்குதுன்னு அர்த்தம். இப்ப பட்டை இறங்கியிருக்கு. நல்ல சேதி."

பஹ்ஜத் எழுந்து ஃபிரேமின் பக்கத்தில் போய் மூக்கு உரச நின்று பார்த்தார். இடது ஓரத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழிருந்து மேலாகவும் பார்த்தார்.

"இதுல அப்படி எங்க எழுதியிருக்கு?"

தூஹாமியும் பார்த்தான். அங்கே தங்க நிற மரம்தான் இருந்தது. "நிக்கிற கோட்டுக்குப் பக்கத்துல எழுதியிருக்கணுமே, பாஷா..."

"எழுதல. எழுதாததைப் படிக்கிறவனை எங்க அனுப்புவாங்கன்னு தெரியும்ல?" பஹ்ஜத் நாற்காலியில் சாய்ந்தார். குரல் இளகியது. அவர் குரல் இளகும்போதுதான் பயப்பட வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். "தூஹாமி, நான் படிச்சது லிஃப்ட் இன்ஜினியரிங். இருபத்தாறு வருஷ அனுபவத்துல சொல்றேன், மேல போறது நல்லது, கீழ போறது கெட்டது. இதுல குழப்பிக்க ஒண்ணுமே இல்ல. அதோட, வளருதுன்னு ஆளுநர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திட்டார். அதுக்கப்புறம் குறையுதுன்னு சொல்ல நீ யாரு? நான் யாரு? அந்தக் கிணறுதான் யாரு?"

தூஹாமிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேசையில் இரண்டு புட்டித் தண்ணீர் இருந்தது. தலைநகரிலிருந்து வந்தது. கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

வீழ்ச்சியை ஆராய மூவர் குழு புறப்பட்டு வந்தது. முதலில் ஹனீயாவின் இரண்டு வாத்துகளை ஆராய்ந்தார்கள். அரிசியோடு சேர்த்து ஆராய்ந்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. பிறகு கிணற்றடிக்கு வந்து ஒவ்வொருவராகக் குழாயின் வாயில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்கள். தூஹாமி கயிற்றை இறக்கி, பொளக் கேட்டதும் மேலே இழுத்து, நனைந்த குண்டையும் காய்ந்த முடிச்சுகளையும் காட்டினான்.

"இந்தா பாருங்க ஐயா. இதுக்குக் கீழ தண்ணி. போன மாசம் இன்னும் நாலு முடிச்சுக் கீழ இருந்துச்சு."

குழுத் தலைவர் முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. முகத்தில் ஏதோ ஓடியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அப்போ பம்பு ஓடினா எண்ணு ஏறும். நின்னா இறங்கும். அதானே?" என்றார்.

"அதேதான் ஐயா!" தூஹாமிக்கு உயிர் வந்தது.

"அப்ப வழி சுலபம். வீழ்ச்சியைச் சரிபண்ண இன்னும் ரெண்டு பம்பு போடணும்னு எழுதிடறேன்."

தலைவர் அவன் தோளில் கை வைத்தார். "எனக்கும் புரியுது தம்பி. ஆனா குழுவோட பேரு 'வீழ்ச்சி ஆய்வுக் குழு'. நான் போய் வீழ்ச்சியே இல்லைன்னு எழுதினா, நாங்க மூணு பேரும் எதுக்கு வந்தோம்னு கேப்பாங்க. வாத்துக்குக் கணக்குச் சொல்லணும்ல?"

அன்று மாலை ஹனீயா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "யோவ் மனுஷா, அந்த எண்ணை எழுதறது யாரு?"

"நான்தான்."

"எட்டு வருஷத்துல யாராவது வந்து சரியா இருக்கான்னு பார்த்தாங்களா?"

"இல்ல."

"அப்ப அறுபத்தாறுன்னு எழுதித் தொலையேன். பட்டை நீளமாச்சுன்னா இயக்குநருக்கு மனசு குளிரும். பம்பை மறந்துடுவான். தண்ணி பாட்டுக்குத் தண்ணி இருக்கும்."

தூஹாமி எட்டு வருடத்தில் ஒரு முடிச்சுகூடத் தவறாக எழுதியதில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், அறுபது வீட்டுக் குழாய்களிலும் குடங்கள் நிரம்பும் சத்தத்தைக் கேட்டபடி, முதல் தேதித் தாளில் 66 என்று எழுதினான். உண்மையில் பொளக் கேட்டது ஐம்பத்தாறில். இந்தத் தரம் அடியில் கோடு போடவில்லை.

குழுவின் அறிக்கை தட்டச்சாகி முடிவதற்குள் 66 போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு பம்பு போடும் யோசனை ரத்தானது. ஹனீயா மீதி இருந்த வாத்துகளுக்கு அன்று இரட்டைத் தீனி போட்டாள். கெட்டிக்காரி என்று தூஹாமி அவளை மனதுக்குள் மெச்சினான். அந்த மெச்சல் பதினொரு நாள் நீடித்தது.

பன்னிரண்டாம் நாள் ஏழு லாரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு புதுப் பம்பு, நீல வண்ணம் இன்னும் காயாமல். பின்னாலேயே புதிய மின்மாற்றியும் வந்தது. அதன் கோப்பு திடீரென்று ஓடக் கற்றுக்கொண்டிருந்தது.

தூஹாமி அலுவலகத்துக்கு ஓடினான். பஹ்ஜத் அவனை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். உட்காரவும் வைத்தார்.

"ஒரே மாசத்துல ஒம்பது மீட்டர்! நாட்டுல எந்தக் கிணறும் இப்படி வளர்ந்ததில்ல. இவ்வளவு திறமை இருக்கிற கிணத்தை அஞ்சு பம்போட முடக்கி வைக்கலாமா? பண்ணையை ரெண்டு பங்கு பெருசாக்கறோம். ஆளுநரே திறந்து வைக்க வர்றார். உனக்கு நற்சான்றிதழ்!"

"பாஷா, நான் எழுதினது பொய்." அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். "ஐம்பத்தாறுதான். பம்பு வேணாம்னுதான் அப்படி எழுதினேன். எனக்குத் தண்டனை குடுங்க, லாரிகளைத் திருப்பி அனுப்புங்க."

பஹ்ஜத் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீ இப்போ சொன்னது எனக்குக் கேக்கல. ஐம்பத்தாறுன்னு ஒரு எண்ணு எந்தத் தாள்லயும் இல்ல. தாள்ல இல்லாததைச் சொல்றவன் அரசாங்கத்து மேல வதந்தி பரப்பறான்னு அர்த்தம். அதுக்குத் தனி அலுவலகம் இருக்கு. அந்த அலுவலகத்துலயும் ஒரு பட்டை வரைபடம் இருக்கு தூஹாமி. மாசத்துக்கு எத்தனை பேரைப் பிடிச்சாங்கன்னு. அதுவும் ஏறணும்னுதான் அவங்களும் பார்ப்பாங்க."

நடையில் மேடம் இன்ஸாஃப் அவன் சட்டைக் கையை இழுத்தார். கண் சிவந்திருந்தது. மேசையின் அடி இழுப்பறையிலிருந்து நீளமான ஒரு காகிதத் துண்டை எடுத்தார்.

"தூஹாமி அண்ணே, நான்தான் வெட்டினேன். ஃபிரேமுக்குள்ள போகல. அரசாங்கக் காகிதத்தைத் தூக்கிப் போட முடியாதுன்னு 'உபரி'ன்னு எழுதி வெச்சிருந்தேன். என் அக்கா உங்க தெருக் கடைசியிலதான் இருக்கா. எனக்கு இதைக் காட்டத் தைரியம் இல்ல. உங்களால ஆகுமா?"

தூஹாமி வாங்கிப் பார்த்தான். தரையிலிருந்து தண்ணீர் வரை ஆழம், மீட்டரில். அதைச் சுருட்டி, குர்ஆன் வசனம் வைத்திருந்த உள்பையிலேயே வைத்துக்கொண்டான். ஆளுநர் பெரிய படிப்புப் படித்தவர், ஒரு வரி பார்த்தால் போதும், புரிந்துகொள்வார். அந்த நம்பிக்கையில்தான் அடுத்த ஐந்து நாளும் தூங்கினான்.

திறப்பு விழாவுக்குக் கிணற்றடியில் பந்தல் போட்டார்கள். ஃபிரேமை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து பட்டுத்துணி போர்த்தி நிறுத்தினார்கள். அறுபது வீட்டாரும் வெயிலில் நின்றார்கள். பந்தலுக்குள் இடமில்லை, அது நாற்காலிகளுக்கு. பஹ்ஜத் பேசினார்.

"முன்னோர்கள் தண்ணீரைத் தேடி இந்த ஊருக்கு வந்தார்கள். நாம் அப்படியில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை! நம் பார்வை முழுவதும் வளர்ச்சியின் மீதே இருக்கிறது!"

பந்தலுக்குள் கை தட்டினார்கள். வெளியே நின்றவர்களும் தட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரை ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான்.

நற்சான்றிதழ் வாங்க தூஹாமியைக் கூப்பிட்டார்கள். அவன் மேடை ஏறி, சான்றிதழை வாங்காமல் நேரே ஃபிரேமிடம் போனான். உள்பையிலிருந்து துண்டை எடுத்து, தங்க மரத்தின் இடது ஓரத்தில் அழுத்திப் பிடித்தான்.

"பாஷா, இது இந்தப் படத்தோட விட்டுப்போன பக்கம். ஒரு தடவை படிங்க. உங்க பிள்ளைங்க மேல ஆணையா, ஒரே ஒரு தடவை."

ஆளுநர் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். கழுத்தைச் சாய்த்து அந்த வரியைப் படித்தார். பட்டைகளைப் பார்த்தார். மறுபடி வரியைப் படித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. எட்டு வருடமும், அவர் கடிதமும், ஏழு நீலப் பம்புகளும், வெயிலில் நிற்கும் அறுபது வீடும் எல்லாம் புரிந்துவிட்டது. தூஹாமி அதைக் கண்ணால் கண்டான். அல்ஹம்துலில்லாஹ் என்று அவன் உதடு அசைந்தது.

ஆளுநர் பஹ்ஜத்தின் பக்கம் குனிந்தார். மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இதை வேற யாரெல்லாம் படிச்சிருக்காங்க?"

"இவன் மட்டும்தான், பாஷா."

"நல்லது." ஆளுநர் துண்டைத் தூஹாமியின் விரலிலிருந்து மென்மையாக எடுத்து நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். நற்சான்றிதழை அவன் கையில் திணித்தார். புகைப்படக்காரனைப் பார்த்துச் சிரித்தார். "எத்தனை பிள்ளைங்க உனக்கு?" என்றார், சிரிப்பு மாறாமல்.

"மூணு, பாஷா."

"அவங்களை நல்லபடியா பார்த்துக்க." பிறகு பொத்தானை அழுத்தினார். பன்னிரண்டு பம்புகளும் ஒரே நேரத்தில் உறுமின.

அதற்குப் பிறகு தூஹாமி பொய் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. எழுபத்திரண்டு, எண்பத்தைந்து, தொண்ணூற்றாறு. பட்டை ஃபிரேமின் மேல் விளிம்பை முட்டியது. மேடம் இன்ஸாஃப் வேலையை விட்டுப் போய்விட்டார், அக்காவையும் அழைத்துக்கொண்டு. அவர் இடத்துக்கு வந்த பெண் சுவரிலேயே பச்சை வண்ணம் பூசிப் பட்டையைக் கூரைவரை நீட்டினாள். தெருவில் குழாய்கள் முதலில் இருமின, பிறகு சேறு துப்பின, பிறகு காற்றை மட்டும் ஊதின. நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில் மெத்தைகளையும் பாத்திரங்களையும் ஏற்றிய வண்டிகள் தினமும் ஒன்றிரண்டு போயின. ஹனீயா வாத்துகளை அறுத்துவிட்டாள். குடிக்க வைக்க முடியாததை வளர்ப்பது பாவம் என்றாள்.

அடுத்த முதல் தேதி நூற்று நாலில் குண்டு அடியைத் தொட்டது. பொளக் இல்லை. 'டங்.' அதற்கடுத்த மாதமும் நூற்று நாலு, டங்.

தொலைபேசி வந்தது. பஹ்ஜத்தின் குரலில் கவலை வழிந்தது. "ரெண்டு மாசமா ஒரே உசரத்துல நிக்குதே தூஹாமி, என்னய்யா பண்ணிக்கிட்டிருக்கே?"

"தண்ணி தீர்ந்துபோச்சு, பாஷா. அடிக் கல்லுதான் இருக்கு. பதினோரு வீட்டுலதான் இன்னும் ஆள் இருக்கு. ஒரு தண்ணி லாரியாவது அனுப்புங்க. பிள்ளைங்க உதடு வெடிச்சுக் கிடக்குது."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "தண்ணியைப் பத்தி உன்கிட்ட யாருய்யா கேட்டா? பட்டை ஏன் நிக்குதுன்னு கேக்கறேன். உன் கயிறு எவ்வளவு நீளம்?"

"நூத்தம்பது, பாஷா."

"அதான் விஷயம். சாதனைக்குத் தக்க கருவி இல்ல. முந்நூறா அனுப்பறேன். அந்தத் தண்ணி லாரியையும் எழுதி வைக்கறேன், இன்ஷா அல்லாஹ். ரெண்டும் வரும். ஆனா ஒண்ணு, பட்டை ஏறாத ஊருக்கு லாரி அனுப்பச் சொல்லி நான் மேல கேக்க முடியாது. புரியுதா?"

புரிந்தது. இந்த அலுவலகத்தோடு பேசி முதல் தரமாக அவனுக்கு எல்லாம் சுத்தமாகப் புரிந்தது.

கயிறு மறுநாளே வந்தது. புதிது, வெள்ளை வெளேரென்று, முந்நூறு முடிச்சு. தூஹாமி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். லாரி வரவில்லை. முதல் தேதி காலையில் கிணற்றடிக்குப் போனான். ஹனீயா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றாள். மீதி இருந்தவர்களும் குடங்களோடு வந்தார்கள்.

அவன் குண்டை இறக்கினான். நூற்று நாலில் டங். அங்கே நிறுத்தவில்லை. கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தான். கீழே காய்ந்த கல்லின் மேல் அது சுருண்டு சுருண்டு விழுந்தது. விரல்களுக்கு நடுவே சிவப்பு முடிச்சுகள் ஒவ்வொன்றாகப் போயின. நூற்றுப் பத்து, நூற்று இருபது, நூற்று முப்பது.

"போதும்யா," என்றாள் ஹனீயா. "இன்னும் எவ்வளவுதான் விடுவே?"

நூற்றைம்பதில் நிறுத்தினான். தாளில் 150 என்று எழுதினான். லாரி வருகிறவரை, இனி வரும் மாதங்களுக்கும் கொஞ்சம் கயிறு மிச்சம் வேண்டுமே.